பின்லாந்துப் பனியில் பறவை எண்ணப் போகிறீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்லாந்துக் குளிர்காலத்தில் பறவை பார்ப்பது என்றால் பாதி நேரம் பறவையே இல்லாத காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். நான் முதல் தடவை போன டிசம்பர் காலையில், ஒன்றரை மணி நேரம் நடந்த பிறகு கிடைத்தது எங்கோ ஒரு மரங்கொத்தி பட்டையைத் தட்டும் சத்தமும், தலைக்கு மேலே போன இரண்டு காகங்களும். கோடையில் இங்கே கூடு கட்டும் பறவைகளில் பெரும்பங்கு தெற்கே போய்விடும். மிச்சம் இருப்பவை இந்தக் குளிரைத் தாங்கத் தெரிந்தவை, அல்லது இன்னும் வடக்கே இருந்து இறங்கி வந்தவை. நாள் முழுக்க நடந்து இருபது இனம் பார்த்தால் நான் சந்தோஷமாக வீடு திரும்புவேன். ஆனால் இதில் ஒரு வசதி உண்டு: இனங்கள் குறைவு, இலையும் இல்லை, ஆக புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. மே மாதக் காட்டில் நாற்பது குரல் ஒன்றாகக் கேட்டுக் குழம்புவதைவிட ஜனவரியில் நான்கு குரலைத் திருத்தமாகக் கற்பது எவ்வளவோ மேல்.

சரி, எண்ணுவதற்கு வருவோம். இந்த ஊரில் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு 1956-57 குளிர்காலத்திலிருந்து விடாமல் நடக்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமான லுவோமுஸ் இதை ஒருங்கிணைக்கிறது. நடப்பவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள்தான். ஒரு குளிர்காலத்தில் மூன்று முறை: நவம்பர் 1 முதல் 14 வரை ஒன்று, டிசம்பர் 25 முதல் ஜனவரி 7 வரை ஒன்று, பிப்ரவரி 21 முதல் மார்ச் 6 வரை ஒன்று. மூன்றுக்கும் நேரம் இல்லை என்றால் நடுவில் வரும் கிறிஸ்துமஸ் கணக்கையாவது விடாதீர்கள், அதில்தான் அதிகம் பேர் நடக்கிறார்கள். நம் ஊர்ப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். அங்கே எங்கே வேண்டுமானாலும் நின்று பதினைந்து நிமிடம் பார்த்துப் பட்டியல் போட்டால் போதும். இங்கே தடம் ஒன்றுதான், நீளம் சராசரியாகப் பத்து கிலோமீட்டர், வருடா வருடம் அதே வழி, அதே திருப்பம், அதே பேருந்து நிறுத்தம்.

இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன். பறவை நிறையக் கிடைக்கும் இடங்களாகப் பார்த்துக் கோத்து ஒரு தடம் வரையத் தோன்றும். தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். எண்ணுவது பறவைக் கண்காட்சி நடத்த இல்லை, அந்த வட்டாரம் எப்படி இருக்கிறதோ அப்படியே காகிதத்தில் இறங்க வேண்டும். அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் குடியிருப்பு, கொஞ்சம் வயல், கொஞ்சம் ஊசியிலைக்காடு, மரம் வெட்டி முடித்த வெளி, முடிந்தால் ஒரு கரை என்று கலவையாக வரும் ஒரு வட்டப் பாதையைப் பிடியுங்கள். முழங்கால் ஆழப் பனியிலும் நடக்க முடியுமா, அல்லது சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு போக முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் சுகமாக இருக்கும் வரப்பு ஜனவரியில் காணாமலே போய்விடும். என் முதல் தடத்தில் இரண்டு கிலோமீட்டர் சதுப்பு இருந்தது. முதல் வருடம் பனி குறைவு, சமாளித்தேன். இரண்டாம் வருடம் இடுப்பு வரை புதைந்து, பாதியில் திரும்பி, கடைசியில் தடத்தையே மாற்ற வேண்டி வந்தது. தடம் மாறினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாது, இரண்டு வருட உழைப்பு பாதி வீண். பத்து வருடம் கழித்தும் இதில் நடப்பேனா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வரையுங்கள். இடையில் ஒரு காட்டை வெட்டிவிட்டால்? தடத்தை மாற்றாதீர்கள். வெட்டிய காட்டுக்குள்ளேயே நடங்கள். அந்த மாற்றமும் கணக்கில் வர வேண்டிய விஷயம்தானே.

வெளிச்சம் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஹெல்சிங்கியில் சூரியன் காலை ஒன்பது இருபதுக்கு மேல்தான் எழும், மூன்றேகாலுக்குள் போய்விடும். ஆறு மணி நேரம்கூட முழுசாக இல்லை. ஓவுலு பக்கம் போனால் மூன்றரை மணி நேரம். வடகோடியில் உட்சயோகியில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை, ஒரு நீல மங்கல் மட்டும் சில மணி நேரம் வந்து போகும். பறவைகளுக்கும் அதே கெடுதான். இரவு முழுக்க எரித்த கொழுப்பைப் பகலில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதால் விடிந்தும் விடியாத நேரத்திலேயே மேய ஆரம்பித்துவிடும். அதனால் எழுத்துத் தெரியும் அளவு வெளிச்சம் வந்ததும் தடத்தின் முதல் அடியில் நிற்க வேண்டும், பேருந்தை விட்டு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மதியம் இரண்டுக்கு மேல் நீட்டாதீர்கள். காகங்களும் மேக்பைகளும் இரவு தங்கும் இடம் தேடிப் பறக்கத் தொடங்கும், காலையில் எண்ணியதையே மறுபடி எண்ணுவீர்கள். பலத்த காற்று, கொட்டும் பனி, மழை இருந்தால் வேறு நாள் பாருங்கள், அதற்காகத்தான் இரண்டு வாரம் அவகாசம். மைனஸ் பத்து, காற்றே இல்லை, மேகமூட்டம்: எனக்குப் பிடித்த நாள் அதுதான். சத்தம் அருமையாகக் கேட்கும்.

உடையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பறவை பார்ப்பவர் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். நடைக்கு என்று விற்கும் உடை நிற்பதற்குப் போதாது. உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, நடுவில் தடித்த கம்பளி, மேலே காற்று புகாத ஒன்று, பையில் இன்னொரு தடித்த மேலங்கி. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அதுவே உங்களை உறைய வைக்கும். காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும், உள்ளே கம்பளிக் காலுறை போனாலும் விரல் அசைய வேண்டும். தெருக்களில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி இருக்கும் என்பதால் அடியில் ஆணி வைத்த காலணி இங்கே வயதானவர்களுக்கு மட்டுமான பொருள் இல்லை. கைக்கு மெல்லிய உறை ஒன்று, அதன் மேல் விரல் பிரியாத பெரிய உறை ஒன்று. எழுதும்போது மேலுறையை மட்டும் கழற்றலாம். எழுத பென்சில். பேனா மை மைனஸ் பதினைந்தில் நின்றுவிடும், செல்பேசியின் பேட்டரி நாற்பது சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் செத்துவிடும், என்னுடையது அப்படிச் செத்ததில் ஒரு முழுப் பட்டியல் போயிற்று. அதிலிருந்து காகிதம்தான். பிளாஸ்கில் நான் சுக்குக் காபி கொண்டுபோகிறேன், உங்களுக்கு எது இறங்குமோ அது. விடியுமுன் சாலையோரம் நடக்க வேண்டியிருப்பதால் ஒளியைத் திருப்பி அடிக்கும் அந்தச் சின்ன வில்லையைக் கட்டாயம் தொங்கவிடுங்கள், இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று இங்கே சட்டமே சொல்கிறது.

இருகண் நோக்கி எட்டுக்கு நாற்பத்திரண்டு போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லை நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். மங்கல் வெளிச்சத்தில் பத்து மடங்கைவிட எட்டு மடங்கே தெளிவு. பார்க்கும்போது மூச்சை மூக்கால் கீழ்நோக்கி விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் படிந்து அங்கேயே உறைந்துவிடும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வாசலிலேயே வையுங்கள், சட்டென்று சூட்டுக்குள் எடுத்தால் உள்ளே ஈரம் கட்டும்.

அடுத்தது காது. குளிர்காலக் காட்டில் எண்ணிக்கையில் பெரும்பங்கு காதால் வருவது. பட்டாணிக்குருவிக் கூட்டம் ஒன்று எங்கேயோ ஊசியிலை மர உச்சியில் கிசுகிசுத்துக்கொண்டு போகும். அதில் பெரிய பட்டாணிக்குருவி, நீலப் பட்டாணிக்குருவி, கொண்டை வைத்தது, பிறகு இங்கே ஹோமோதியாயினென் என்று சொல்லும் கருந்தொப்பிப் பழுப்புப் பட்டாணிக்குருவி, கூடவே மரத்தில் சுழன்று ஏறும் பழுப்பு நிறச் சின்னப் பறவை ஒன்று, அப்புறம் ஐந்தாறு கிராம் எடையே உள்ள ஹிப்பியாயினென் என்று பல ஆட்கள் இருப்பார்கள். கருந்தொப்பிக்காரனின் குரல் மூக்கடைத்தவன் பேசுவது மாதிரி இழுவையாக வரும், ஒரு தரம் கேட்டால் மறக்காது. ஹிப்பியாயினெனின் குரல் ஊசி முனை மாதிரி அத்தனை மெல்லிசு, வயதாக வயதாக முதலில் காதை விட்டுப் போவது அதுதான். அனுபவசாலிகள் சிலர் அதற்காகவே இளையவர் ஒருவரைக் கூட அழைத்துப் போவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊருக்குப் போனால் மரத்தில் சாம்பல் நிறப் பட்டாணிக்குருவியைப் பார்த்திருப்பீர்களே, இங்குள்ள பெரிய பட்டாணிக்குருவி அதற்கு நெருங்கிய சொந்தம். அதனால் முதல் குரலைக் கற்க அவ்வளவு சிரமம் இருக்காது.

கூட்டத்தை எண்ணும் வித்தை இதுதான்: உள்ளே நுழைந்து எண்ணாதீர்கள். கூட்டம் போகும் திசையைப் பார்த்து முன்னால் போய், பாதையோ வெட்டவெளியோ குறுக்கிடும் இடத்தில் நில்லுங்கள். அவை ஒவ்வொன்றாகத்தான் தாண்டும், நீங்கள் சுங்கச்சாவடி ஊழியர் மாதிரி எண்ணிக்கொண்டே இருக்கலாம். இங்கே தில்ஹி என்று சொல்லும் வேக்ஸ்விங் பறவைக் கூட்டம் வேறு கதை. கொண்டையும் மஞ்சள் வால் நுனியுமாக இருநூறு, முந்நூறு என்று ரோவன் மரத்தில் வந்து இறங்கி, சிவப்புப் பழங்களை மொட்டையடித்துவிட்டு ஒரே எழும்பலில் போய்விடும். அப்போது பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்டு அந்த அளவை மற்ற இடத்தில் வைத்து வைத்து எண்ணுங்கள், கூடவே ஒரு படம் எடுத்துவைத்து வீட்டில் சரிபாருங்கள். சரிபார்த்தால் தெரியும், எல்லோரும் குறைத்தே எண்ணுகிறோம். தலைக்கு மேல் பறந்துபோவதையும் எழுதுங்கள், எந்தத் திசை என்று ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டால் அரை மணி கழித்து அதே கூட்டம் திரும்பி வந்தால் ஏமாற மாட்டீர்கள். பதிவை ஒலிக்கவிட்டு ஆந்தைக் குரல் காட்டி வரவழைப்பதெல்லாம் கணக்கு நாளில் வேண்டாம். ஒருவர் செய்து ஒருவர் செய்யாமல் விட்டால் எண் கெட்டுவிடும், பசியில் இருக்கும் பறவைக்கும் வீண் அலைச்சல்.

ஒவ்வொரு பறவையையும் எந்த மாதிரி இடத்தில் பார்த்தீர்கள் என்றும் பிரித்து எழுத வேண்டும். எட்டு வகை இடம் உண்டு, குப்பைமேடுகூட அதில் ஒன்று. தடத்தில் எத்தனை தீனித்தட்டு இருக்கிறது, ரோவன் பழம் எப்படி, ஊசியிலை மரக் கூம்பு எப்படிக் காய்த்திருக்கிறது என்பதும் கேட்பார்கள். முதலில் இது எனக்கு அரசாங்கப் படிவத் தொல்லையாகத்தான் தெரிந்தது. பிறகு புரிந்தது. பழம் அமோகமாக இருக்கும் வருடம் தில்ஹியும் ஃபீல்ட்ஃபேரும் ஜனவரி தாண்டியும் இங்கேயே இருக்கும். பழம் பொய்த்தால் நவம்பரிலேயே கிளம்பிவிடும். பழத்தை எழுதாமல் பறவையை மட்டும் எழுதினால், பறவை அழிகிறதா ஊர் மாறிப்போனதா என்று யாருக்கும் தெரியாது. அதே மாதிரிதான் ஒன்றுமில்லாத இரண்டு கிலோமீட்டரும். அங்கே எதுவும் இல்லை என்பதை நடந்து பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

இப்படிச் சேர்ந்த எண்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். வடக்கு ஐரோப்பாவில் கோல்டன்ஐ, டஃப்டட், கூஸாண்டர் வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் முப்பது வருடங்களில் வடகிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டது. கடல் முன்பு மாதிரி உறைவதில்லை, பிறகு எதற்கு அவை ஜெர்மனி வரை பறக்க வேண்டும்? நீலப் பட்டாணிக்குருவி பெருகிவிட்டது. மூக்கடைத்த குரல்காரன் பாவம், குறைந்துகொண்டே போகிறான். அவனுக்குக் கூடு குடைய உளுத்துப்போன மரக்கட்டை வேண்டும், இந்த நாட்டின் மரத்தொழில் அதைக் காட்டில் விட்டுவைப்பதில்லை. பச்சை ஃபிஞ்ச் 2008க்குப் பிறகு ஒரு ஒட்டுண்ணி நோயில் சடசடவென்று விழுந்தது. அந்த நோய் தீனித்தட்டில் எச்சிலும் எச்சமும் கலப்பதால் பரவுவது.

பத்து கிலோமீட்டர் எல்லாம் என்னால் ஆகாது என்பவர்களுக்கு ஜனவரி கடைசி வார இறுதியில் பிஹாபொங்காவுஸ் என்னும் முற்றத்துப் பறவைக் கணக்கு இருக்கிறது. பேர்ட்லைஃப் சுவோமி 2006லிருந்து நடத்துகிறது. முற்றத்திலோ பால்கனியிலோ பூங்காவிலோ ஒரு மணி நேரம் பார்த்து, ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தது என்று எழுதினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பறவையை ஐந்து தடவை கூட்டக் கூடாது, புதியவர்கள் செய்யும் தப்பு இதுதான். தீனி வைத்தால் உப்பில்லாத நிலக்கடலை, சூரியகாந்தி விதை, கொழுப்பு உருண்டை. உருண்டையைச் சுற்றியுள்ள வலையைக் கழற்றிவிடுங்கள், கால் மாட்டிக்கொள்ளும். பறவை மேலே ஏறி எச்சமிட முடியாத குழல் வகைத் தீனிக்கலன் வாங்குங்கள். ஆரம்பித்தால் வசந்தம் வரை நிறுத்தாதீர்கள். ஆனால் முதலில் உங்கள் அடுக்ககத்தின் விதியைப் படியுங்கள். எலி வருகிறது என்று பல இடங்களில் தடை உண்டு, எனக்கு வந்த கடிதம் மிக மரியாதையாகவும் மிகக் கறாராகவும் இருந்தது.

எண்ணிக்கை இல்லாமல் சும்மா பார்க்கப் போவதென்றால் ஹெல்சிங்கியில் பேருந்து அட்டையே போதும். வந்தா ஆறு கடலில் விழும் வன்ஹாகௌபுங்கி அருவிப் பக்கம் தண்ணீர் உறையாமல் ஓடும். அங்கே பாறை மேல் உட்கார்ந்து குந்தி எழுந்து, பிறகு அந்தக் கடும் குளிர் நீருக்குள்ளேயே முங்கித் தரையில் இரை தேடும் கோஸ்கிகாராவைப் பார்க்காமல் போகாதீர்கள். கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு, நீரில் மூழ்கும் பாட்டுக்காரப் பறவை. அங்கிருந்து வீக்கி நாணல்காட்டுப் பலகைப் பாதைக்கு நடந்தே போகலாம். செஉராசாரித் தீவில் பட்டாணிக்குருவிகள் கையில் வந்து உட்காரும், குழந்தைகளோடு போக அதுதான் சரி. தெற்கு முனையில் ஹாங்கோவில் கடல் வாத்துகளும் வெண்வால் கழுகும். ஆந்தை பைத்தியம் பிடித்தவர்கள் ஓவுலு, லிமிங்கா வயல்களுக்குப் போவார்கள். ஆனால் வயல் எலி பெருகும் வருடமா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே நாளில் மூன்று ஆந்தைகூடக் கிடைக்கும், ஒரு வாரத்தில் ஒன்றும் கிடைக்காமலும் போகும். பயமே இல்லாமல் பக்கத்தில் வரும் குக்கெலி என்னும் செந்நிற வாலுள்ள ஜே பறவையும், லாப்லாந்துப் பட்டாணிக்குருவியும் வேண்டுமென்றால் கூசமோ, அல்லது இன்னும் வடக்கே காமனென். அங்கே டிசம்பரில் போகாதீர்கள். பிப்ரவரி கடைசிக்கு மேல் போங்கள், குளிர் அதேதான், ஆனால் வெளிச்சம் பத்து மணி நேரம்.

காட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது இந்த நாட்டின் பழைய உரிமை. அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குள் மட்டும் அது செல்லாது, ஆகவே குடியிருப்பில் இருகண் நோக்கியை ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள், யாராவது பார்த்தால் சிரித்து "லிந்துயா" என்று சொல்லுங்கள், "பறவைகள்" என்று அர்த்தம், புரிந்துகொள்வார்கள். ஏரியின் மேல் குறுக்குவழி எடுப்பதென்றால் கெட்டிப் பனிக்கட்டி ஐந்து சென்டிமீட்டராவது வேண்டும், நீரோட்டமோ பாலமோ நாணலோ இருக்கும் இடத்தில் அதையும் நம்பாதீர்கள். விழுந்தால் விளிம்பில் குத்தி ஏற ஒரு ஜோடி முள்பிடியைக் கழுத்தில் மாட்டுங்கள், தனியாகப் போகவே வேண்டாம். அவசர எண் 112, அதற்கான செயலியை முன்பே ஏற்றிவைத்து அதன் வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடத்தை அது தானே அனுப்பும். பகலில் தூங்கும் ஆந்தையைக் கண்டால் எண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், இடத்தை ஊரெல்லாம் பரப்பாதீர்கள், மறுநாள் இருபது கேமரா அங்கே நிற்கும்.

கணக்கை அன்றைக்கே லாஜி.ஃபி தளத்தில் ஏற்றிவிடுங்கள். பென்சில் கிறுக்கல் இரண்டு நாளில் உங்களுக்கே புரியாது. மூன்றாவது சுற்று, பிப்ரவரி கடைசியில், எண்கள் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். குளிர் தின்றது போக, ஊர்ப்பக்கம் ஒதுங்கியது போக மிச்சம் இருப்பது மட்டும். ஆனால் அந்தக் காலையில் வெயில் பட்ட பிர்ச் மர உச்சியில் பெரிய பட்டாணிக்குருவி தி-தி-த்யூ, தி-தி-த்யூ என்று பாட ஆரம்பித்திருக்கும், தூரத்தில் மரங்கொத்தி தம்பட்டம் அடிக்கும். பாடியது, பாடாதது என்று படிவத்தில் தனியாகக் கேட்பதில்லை. நான் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்வேன்.